இரட்டைச் சடையில் இரண்டு மைக்

அன்று காலை அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா?

எட்டு வயதில் எனக்குள் வந்து உட்கார்ந்த கேள்வி இது. இப்போது எனக்கே ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குச் சோறு ஊட்டும்போதும், ஸ்கூல் வேனுக்காகத் தெருமுனையில் நிற்கும்போதும் அந்தக் கேள்வி வருகிறது. பதில் மட்டும் வரவில்லை. தெரிந்திருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். அப்பா இப்போது இல்லை. அம்மாவிடம் அதைப் பற்றி நானாக வாயைத் திறப்பதில்லை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அரையாண்டு விடுமுறைக்கு அம்மா எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். என்னைப் போலவே பிள்ளை வளர்த்துக்கொண்டு, காலையில் செய்ததை மாலையில் சரியா தப்பா என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது புரியும் என்று நம்புகிறேன்.

அப்போது நாங்கள் பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாக்பீஸ் தூசி ஒட்டிய சட்டையோடு வீட்டுக்கு வந்து, முகம் கழுவிய கையோடு எடுப்பது அவருடைய ரெக்கார்டரைத்தான். வளைகுடாவில் இருந்த மாமா கொண்டுவந்து கொடுத்தது. உள்ளங்கையில் அடங்கும் கேசட் ரெக்கார்டர். கூடவே ஒரு ஸ்டீரியோ மைக். மைக் என்றால் மேடையில் இருக்குமே, அந்த மாதிரி இல்லை. சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு. ஒரே வயராகக் கிளம்பி நடுவில் இரண்டாகப் பிரிந்து, நுனிக்கு ஒன்றாக இருக்கும். ஒன்று வலக்காதுக்கு, ஒன்று இடக்காதுக்கு.

அதை வைத்துக்கொண்டு அப்பா மதுரையைச் சுற்றி எங்கே வாசித்தாலும் போவார். கல்யாண வீட்டு பேண்டு செட், தெருவோரப் பறை, பள்ளி ஆண்டு விழா, எதையும் விடமாட்டார். போன இடத்தில் உடனே பதிவு செய்யவும் மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஓர் இடத்தில் நின்று ஒரு தடவை கைதட்டுவார். நாலடி தள்ளிப் போய் இன்னொரு தடவை தட்டுவார். சத்தம் எங்கே சரியாகத் திரும்பி வருகிறதோ அங்கேதான் நிற்பார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

“என்ன சார், கொசு சிக்குச்சா?”

“சிக்கிரும்ணே. கொஞ்சம் சத்தம் போடாம இருங்க.”

திருப்பரங்குன்றத்தில் சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரம் வாசிக்கும்போது மலையடிவாரத்தில் நிற்போம். பூக்கட்டுகிற அண்ணன் ஒருவர் அப்பாவை விடவே மாட்டார்.

“சார், நீங்க வேதக்காரவுகதான? சர்ச்சுக்குப் போறவுகளுக்கு இங்க என்ன வேல?”

“காதுக்கு என்னண்ணே வேதம்? அதுபாட்டுக்குக் கேக்குது.”

“அப்ப எங்க கடையவும் கொஞ்சம் புடிங்க. ஊரெல்லாம் கேக்கட்டும். மல்லீ… மல்லீ…”

அந்தக் கேசட்டில் இன்றைக்கும் நாதஸ்வரத்துக்கு நடுவில் அந்த ‘மல்லீ’ கேட்கும்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அக்காவுக்கு அதை ஒருநாள் போட்டுக் காட்டினார். அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று பின்னால் திரும்பினார்.

“சார், யாரோ தவில எடுத்துட்டு முதுகுக்குப் பின்னாடி வந்து நிக்கிறாங்க!”

உள்ளே பார்த்துத் தங்கள் வீட்டு மொழியில் ஏதோ கத்தினார். அவருடைய கணவர் வந்து மாட்டினார். அதே இடத்தில் அவரும் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை, நான் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூடப் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு ஒரே தொல்லை, மைக்கை எங்கே வைப்பது என்பதுதான். கம்பு நட்டு வைத்தால் சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து “ஹலோ ஹலோ” என்பார்கள். சட்டையில் குத்திக்கொண்டால் அப்பாவின் மூச்சும், ரசிக்கும்போது அவர் போடும் ‘ச்ச்’சும் சேர்ந்து விழும். ஒரு சாயங்காலம் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, இரண்டு காதுக்கும் நடுவே கையை விரித்து அளந்தார்.

“பாப்பா, உன் மண்டதாண்டா சரியான அளவு.”

அப்போதெல்லாம் எனக்கு மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. காதோரம் ரிப்பன் பூ. வலது பூவுக்குள் ஒரு மைக், இடது பூவுக்குள் ஒரு மைக். வயர் சடைக்குள் நுழைந்து, கவுனுக்குள் முதுகு வழியாக இறங்கி, தோளில் மாட்டிய துணிப்பைக்குப் போகும். அங்கே ரெக்கார்டர் இருக்கும். அப்பா சொன்ன ஒரே விதி இதுதான்:

“தலைய மட்டும் திருப்பிராத. நீ திரும்புனா பாட்டே திரும்பிரும்.”

மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டேன். வகுப்பில் ஓரிடத்தில் இருக்காதவள் என்று டீச்சர் புகார் சொன்ன பிள்ளைதான் நான். ஆனால் ரிப்பனில் மைக் இருந்தால் கல்லாகிவிடுவேன். என் தலைக்குள் வந்துதான் இத்தனையும் கேசட்டுக்குள் போகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. இன்றுவரை அதைவிடப் பெரிய வேலை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

இத்தனை பேரைப் பதிவு செய்த அப்பாவால் ஒருவரை மட்டும் பதிவு செய்ய முடியவில்லை. அம்மாவை.

அம்மா எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவில் முன்வரிசை. தனியாகப் பாடவேண்டிய அடிகள் வந்தால் அவளைத்தான் பாடச்சொல்வார்கள். உயரத்துக்குப் போகும்போதும் அவள் குரல் கத்தாது. துவைத்த சேலையைக் கொடியில் உதறி விரிப்பதுபோல் அப்படியே பரவும். வீட்டில் அரிசி களையும்போது பாடுவாள், கரி பிடித்த சட்டியைத் தேய்க்கும்போது பாடுவாள். ஆனால் ரெக்கார்டரைக் கண்டால் போதும், வாய் மூடிவிடும். ஒருமுறை அப்பாவின் கட்டாயத்துக்காக அதன் முன்னால் உட்கார்ந்து பாடினாள். முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை பேர் சொல்வதுபோல் இருந்தது. பாதியில் எழுந்துவிட்டாள்.

“வேணாங்க. அதப் பாத்தா, யாரோ என் வாயத் தொறந்து பல்ல எண்ணுற மாதிரி இருக்கு.”

அந்த வருடம் காலாண்டு விடுமுறையில் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு என்றார்கள். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஆபத்தில்லை, ஆனால் குரல் கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா அதைச் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

“மாறுனா மாறிட்டுப் போகுது. இவளத் திட்டுறதுக்கு இருக்குறது போதும்.”

அப்பா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் அவர் ரெக்கார்டரைச் சமையலறையில் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தார். எனக்கும் தெரியும். கடுகு பொரிந்தது, குக்கர் விசிலடித்தது, அம்மா பாட ஆரம்பித்து ஒரு அடி முடிக்கவில்லை.

“ஏங்க, அரிசி டப்பாவுக்குள்ள என்னத்த ஒளிச்சு வச்சுருக்கீக?”

டப்பா மூடி ஒரு நூல் அளவு தூக்கியிருந்ததாம். அம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ரெக்கார்டரை எடுத்து, முந்தானையால் தவிட்டைத் துடைத்து, மேசைமேல் வைத்தாள். கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் பாட்டே இல்லை. பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

“கண்டுபிடிச்சா பாடமாட்டா,” என்று மொட்டை மாடியில் அப்பா என்னிடம் சொன்னார். “இன்னும் ஒரே ஒரு தடவதான் இருக்கு, பாப்பா.”

அது அறுப்பின் பண்டிகை. வேறு சபைகளில், வேறு மதங்களில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பீடத்தின் முன் குவித்து நன்றி சொல்லும் ஆராதனை. நெல், பூசணி, வாழைத்தார், தேங்காய், முட்டை, உயிருள்ள கோழி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் நடக்கும். அந்த ஆராதனையில் ஒரு கீர்த்தனையின் முதல் சரணத்தை அம்மா தனியாகப் பாட வேண்டும், ஆர்கன்கூட இல்லாமல். பண்டிகை முடிந்த வாரம் அறுவை சிகிச்சை.

ஞாயிறு காலை அம்மா குளிக்கப் போன நேரத்தில் அப்பா எனக்குச் சடை பின்னினார். வாழ்க்கையில் முதல்முறை. அம்மா பின்னினால் கண் இழுத்துக்கொள்ளும், ஒரு முடி வெளியே வராது. அப்பா பின்னியது கயிறு திரித்தது மாதிரி இருந்தது. வலது சடை மேலே, இடது சடை கீழே. அவருடைய அக்கறை முழுக்க ரிப்பன் பூவில்தான். இரண்டு மைக்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமே. மடித்த சடையை ஏற்றி இறக்கி அளந்து கட்டினார்.

“யார்ட்டயும் சொல்லக் கூடாது. அம்மாட்ட சொல்லவே கூடாது.”

“அம்மா கேட்டா?”

அப்பா யோசித்தார். எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் சொல்வார்.

“அவளா கேட்டா சொல்லிரு. பொய் சொல்ல வேணாம். அவளாக் கேக்குற வரைக்கும் வாயத் தொறக்காத. எப்பவும்.”

இந்த ‘எப்பவும்’தான் என்னை இன்றுவரை பிடித்து வைத்திருக்கிறது.

அம்மா நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையில், ஈரத் தலையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். நின்றாள். அப்பா கண்ணாடிக்கு முன்னால், சவரம் செய்து முடித்த கன்னத்தில் மறுபடியும் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் கை என் வலது ரிப்பனுக்கு வந்தது. விரல் பூவைத் தொட்டது, இல்லை, தொடும் தூரத்தில் நின்றது. இத்தனை வருடமாக யோசித்தும் தொட்டதா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

“யாரு பின்னுனது?”

“அப்பா.”

“ம்.” கையை எடுத்துக்கொண்டாள். “இருக்கட்டும். அவுக்காத.”

ஒரு முடி பிசகினாலும் பள்ளிக்கூட வாசல்வரை வந்து சீப்பெடுக்கிறவள் அம்மா. கோணல் சடையோடு என்னைப் பண்டிகைக்கு விட்டுவிட்டு, குழுவோடு சேரவேண்டுமென்று முன்னால் கிளம்பிவிட்டாள்.

தேவாலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் முன்னால் ஜமுக்காளத்தில். அதனால் ரெக்கார்டரை ஓடவிட வேண்டியது நான்தான். அதில் இரண்டு பொத்தானை ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் பதிவாகும். அதற்காகவே வீட்டில் பல தடவை பழகியிருந்தேன். அப்பா சொன்ன இடத்தில், பூசணிக் குவியலுக்கு நேர் எதிரே, அம்மா நிற்கப்போகும் இடத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சபை மாமா ஒருவர் வந்தார். வெற்றிலைக் கட்டைக் குவியலில் வைத்துவிட்டு, கால் கட்டிய ஒரு பெட்டைக் கோழியை என் வலது பக்கத்தில் இறக்கினார்.

“பாப்பா, இது எங்கிட்டும் போயிராமப் பாத்துக்க. ஒம் பொறுப்பு.”

தலையை ஆட்டாமலே “சரி மாமா” என்றேன்.

“என்ன பிள்ள, கழுத்து புடிச்சிருச்சா?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

குழு எழுந்து நின்றது. பைக்குள் கையை விட்டு இரண்டு பொத்தானையும் அழுத்தினேன். அந்த ‘டக்’ சத்தத்துக்குச் சபையே திரும்பும் என்று நினைத்தேன். யாரும் திரும்பவில்லை. அம்மா பாட ஆரம்பித்தாள்.

கோழியும் ஆரம்பித்தது. ‘கொக்… கொக்…’ அம்மா ஒரு அடி முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் அது நுழையும். பிறகு என் கவுன் ஓரத்து லேஸைக் கொத்தியது. பிறகு பாதத்தைக் கொத்தியது. வலித்தது. நான் திரும்பவில்லை. அப்பா சொன்னபடி அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டிக்கு மேலே பாட்டு ஏறி இறங்குவது தெரிந்தது.

அம்மா எப்போதும் பின்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பாடுவாள். ஆட்களைப் பார்த்தால் பயம் வரும் என்பாள். அன்றைக்கு முழுச் சரணமும் என்னைப் பார்த்துப் பாடினாள். என்னையா, என் ரிப்பனையா, என்னைக் கொத்துகிற கோழியையா? மூன்றாம் அடியில் குரல் ஓர் இடத்தில் இலேசாக நடுங்கியது. சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவதா?

ஏலத்தில் இன்னொரு அதிசயம் நடந்தது. எதற்கும் வாய் திறக்காத அம்மா அந்தக் கோழிக்குக் கேட்டாள். ஏலம் விட்ட அண்ணன் பெரிய குரலில் சொன்னார்:

“சார் வீட்டம்மா கேட்டுட்டாக! இனி யாராச்சும் கூட்டிக் கேட்டீக, அடுத்த வாரம் பாட்டு கிடையாது!”

எல்லோரும் சிரித்தார்கள். அறுவை சிகிச்சை பற்றி அவருக்குத் தெரியாது. அம்மாவும் சிரித்தாள். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்:

“கூடவே பாடுச்சு. இதப் போயி யாரையாச்சும் குழம்பு வைக்க விடவா?”

மத்தியானம் மொட்டை மாடியில் அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முழுவதும் கேட்டார். கழற்றி மடியில் வைத்தார்.

“கோழி விழுந்துருச்சு, பாப்பா. அம்புட்டும் வீணாப் போச்சு.”

எனக்கு அழுகை வந்தது. நான் திரும்பவே இல்லை என்றேன்.

“தெரியும்டா. பாட்டு அசையவே இல்ல. எம்புட்டு நேரம், ஒரு இம்மி அசையல. இப்படி ஒரு ஸ்டாண்டு எந்த ஊருல கெடைக்கும்?”

அதோடு அந்தக் கேசட்டை அவர் போட்டு நான் பார்க்கவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அம்மாவின் குரல் திரும்பி வந்தது, ஆனால் கீழே இறங்கி வந்தது. தூங்கி எழுந்து முதல் வார்த்தை பேசுகிற குரல் இருக்குமே, அதுவே நாள் முழுக்க. உயரமான இடம் வந்தால் காற்று மட்டும் வரும். பாடகர் குழுவில் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போனாள், கீழ்க்குரல் பாடுகிறவர்களோடு. ஒருநாளும் புலம்பியதில்லை. இன்றும் அங்கேதான் நின்று பாடுகிறாள். முன்னால் நின்றதை யாராவது நினைவுபடுத்தினால், “இங்கிட்டு ஃபேன் காத்து நல்லா வருது” என்பாள். அந்தத் தைரியம் எனக்கு எந்த வயதில் வரும் என்று தெரியவில்லை. கோழி பல காலம் எங்களோடு இருந்து முட்டையிட்டுத் தானாகச் செத்தது.

அப்பா இறந்தபின் அம்மா ஓர் அட்டைப்பெட்டியை எனக்கு அனுப்பினாள். “உங்கப்பா கேசட்டு. போட்டுக் கேக்க அவுக மிசினும் ஓடல. நீயே வச்சுக்க.” அதில் ஒன்றின் மேல் அப்பாவின் கையெழுத்தில் ‘கோழி’ என்று இருந்தது.

உங்களில் கேசட் காலத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்து எடுத்துவிட்டால் பிறகு அதன்மேல் எதையும் பதிவு செய்ய முடியாது. அப்பா கேசட்டை வீணாக்காதவர். பிடிக்காத பதிவின் மேல் அடுத்ததைப் பதிவார். பெட்டியில் இருந்த மற்ற எதிலும் அந்தத் துண்டு உடையவில்லை, திருப்பரங்குன்றத்து நாதஸ்வரத்தில்கூட. ‘கோழி’யில் மட்டும் இரண்டும் உடைந்திருந்தன.

என் கணவர் ஒரு கடையில் கொடுத்து அதை என் போனுக்கு மாற்றிக் கொடுத்தார். இயர்போனை மாட்டிக் கேட்டேன். நான் சமையலறையில் நின்றிருந்தேன், ஆனால் சமையலறை இல்லை. வலக்காதின் ஓரத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் கோழி. தலைக்கு மேலே மின்விசிறியின் கிறீச். இடப்பக்கம் பின்னால் யாரோ ஒரு தாத்தாவின் இருமல். நேர் எதிரே, பூசணிக் குவியலுக்கு அந்தப் பக்கம், முப்பது வயது அம்மா. என்னைவிடச் சின்னவள்! அப்பா எவ்வளவு பெரிய விஷயத்தைப் பிடித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கோழியைப் பற்றி மட்டும் அவர் கணக்கு தப்பு. அது எதையும் கெடுக்கவில்லை. அது பக்கத்தில் இருப்பதால்தான் அம்மா எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்று தெரிகிறது. கோழி இல்லையென்றால் அந்தக் குரல் எங்கிருந்தோ வரும் குரல். இப்போது அது ஓரிடத்தில், ஒரு காலையில் நிற்கிறது.

என் மகளும் ஒருநாள் கேட்டுவிட்டாள். “யாரும்மா பாடுறது?” என்றாள். “ஒரு ஆன்ட்டி” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இப்போது அவள் தினமும் “கோழி ஆன்ட்டி பாட்டு போடு” என்கிறாள், கூடவே பாடுகிறாள். அம்மா வந்த அன்றைக்கே அவள் அதைப் பாடிவிடுவாள். அதற்குள் நான் முடிவு செய்ய வேண்டும்.

போட்டுக் காட்டினால் அம்மாவுக்கு அது பரிசா, காயமா? பின்வரிசையில் நிம்மதியாக நிற்கிறவளை, நீ இதை இழந்தாய் என்று கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுப்பதாகுமா? தனக்குத் தெரியாமல் எடுத்தார் என்று, பதில் சொல்ல முடியாத அப்பாமேல் வருத்தப்படுவாளா? அல்லது, இத்தனை வருடமாக அவள்தான் நாங்கள் போட்டுக் காட்டுவதற்காகக் காத்திருக்கிறாளா? என் மகளும் போனைத் தூக்கினால் பாட்டை நிறுத்துகிற பிள்ளைதான். ஒருமுறை கதவுக்குப் பின்னால் நின்று பதிவு செய்தேன். பிறகு அழித்துவிட்டேன். அழித்தது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன்.

போன ஞாயிறு நான் சீக்கிரம் வெளியே போக வேண்டியிருந்ததால் என் கணவர்தான் மகளுக்குச் சடை பின்னினார். நான் வீட்டுக்குத் திரும்பிய நேரம் அம்மா வீடியோ காலில் வந்தாள். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு முகத்தைக் காட்டினாள். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. அம்மா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

“யாரு பின்னுனது?”

“அப்பா!” என்றாள் மகள்.

அம்மா அந்த ரிப்பனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கீழ்க்குரலில், அவசரமே இல்லாமல் சொன்னாள்:

“இருக்கட்டும். அவுக்காத.”

அவளாகக் கேட்டால் சொல்லலாம் என்றுதான் அப்பா சொல்லியிருக்கிறார். உங்களைத்தான் கேட்கிறேன். தாயாகவும் மகளாகவும் இருந்து பார்த்தவர்கள் நீங்கள். அம்மா என்னிடம் கேட்டுவிட்டாள் என்று இதை நான் எடுத்துக்கொள்ளலாமா?